தும்பா விண்வெளி அருங்காட்சியகம்: மதுரையிலிருந்து தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாராளமாகப் போகலாம். 3ஆம் வகுப்பு வரை இருப்பவர்களை இவ்வளவு தூரம் அலைக்கழிக்க வேண்டாம். எந்த வகுப்பானாலும் ஒரே நாளில் பஸ்ஸில் போய்த் திரும்பும் திட்டம் கூடாது. முன்தயாரிப்பு இல்லாமல் போனால், 300 கிலோமீட்டர் பயணம் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொம்மை ராக்கெட்டைப் பார்த்து வந்ததாகத்தான் முடியும்.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே கடலோரக் கிராமமான தும்பாவில், இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் பொறுப்பில் இருக்கிறது இந்த அருங்காட்சியகம். புனித மகதலா மரியாள் தேவாலயக் கட்டடம்தான் இடம். 1960களின் தொடக்கத்தில் ராக்கெட் தளம் அமைக்க இந்தக் கரையை விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்தபோது, பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேரா தேவாலயத்தைக் கொடுத்தார். மீனவக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. தேவாலயம் அலுவலகமாகவும் ராக்கெட்டின் பாகங்களைப் பொருத்திப் பார்க்கும் கூடமாகவும் ஆனது. 1963 நவம்பர் 21 அன்று மாலை இந்த மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது.

பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய முதல் காட்சிப்பொருள் இந்தக் கட்டடமே. பெரும்பாலான பள்ளிக் குழுக்கள் இதைக் கவனிக்காமல் நேரே உள்ளே புகுந்துவிடுகின்றன. வாசலில் பத்து நிமிடம் நிறுத்தி, "இதற்குள்தான் ராக்கெட்டைப் பொருத்தினார்கள், இராமேஸ்வரத்தில் பிறந்து இராமநாதபுரத்தில் படித்த அப்துல் கலாம் இங்கேதான் ராக்கெட் வேலையைத் தொடங்கினார்" என்று சொன்னால் போதும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஊர்ப் பெயர்களே பிடிப்பைக் கொடுத்துவிடும்.

உள்ளே வரலாறு, தொழில்நுட்பம், பயன்பாடு, உலக நாடுகள் என்று பிரிவுகள் இருக்கின்றன. மாதிரிகளும் விளக்கப் படங்களும் தரமானவை, தகவலில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் இவை படித்துப் பார்க்க வேண்டியவை. பொத்தானை அழுத்தினால் சுழலும், கைப்பிடியைத் திருப்பினால் எரியும் என்ற எதிர்பார்ப்போடு வருகிற ஒன்பது வயதுப் பிள்ளை கால் மணி நேரத்தில் அலுத்துவிடும். விளக்கத்துக்குத் தமிழை நம்பிப் போகவும் வேண்டாம். ஆங்கிலப் பலகையை நின்று வாசித்துத் தமிழில் சொல்ல, குழுவுக்கு ஒரு ஆசிரியர் தயாராக வரவேண்டும். பெரிய மாணவர்களுக்கு இது குறையே இல்லை. தொடக்கப் பள்ளிக்கு இதுதான் பெரிய குறை.

இன்னொரு சிக்கல் மாதிரிகளின் அளவு. எல்லா மாதிரிகளும் ஒரே அளவுகோலில் செய்தவை என்று பிள்ளைகள் தாமாகவே முடிவு செய்துகொள்வார்கள். அருகருகே இருக்கும் இரண்டு மாதிரிகள் ஒரே உயரமாக இருந்தால் இரண்டு ராக்கெட்டும் ஒரே உயரம் என்று நோட்டில் எழுதி வைப்பார்கள். இதைத் தடுக்கப் பள்ளியிலேயே ஒரு வேலை செய்துவிடலாம். 1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்து அட்டையில் வெட்டுங்கள். 1980இல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்த எஸ்.எல்.வி.-3க்கு 22 செ.மீ., பி.எஸ்.எல்.வி.க்கு 44 செ.மீ., சந்திரயான்-3ஐக் கொண்டுபோன எல்.வி.எம்.-3க்கு 43.5 செ.மீ. பக்கத்தில் மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தையும் 52 செ.மீ.க்கு வெட்டி நிறுத்துங்கள். இந்த மூன்று ராக்கெட்டில் எதுவும் நம் தெற்குக் கோபுரத்தின் உயரத்தை எட்டவில்லை என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்துக் கத்துவார்கள். தும்பாவிலிருந்து ஏவும் சின்ன ராக்கெட்டான ரோகிணி-200 சுமார் 3.6 மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் விட்டம். இந்த அளவுகோலில் அதற்கு அட்டை வெட்டவே தேவையில்லை, ஒரு தீக்குச்சி போதும்.

உண்மையான விருந்து வெளியே, ராக்கெட் தோட்டத்தில் இருக்கிறது. வானவெளியை ஆராய மேலே போய்த் திரும்பிக் கீழே விழும் சவுண்டிங் ராக்கெட்டுகள் இங்கே முழு அளவில் நிற்கின்றன. பெரிய ராக்கெட்டின் சின்ன மாதிரியை எந்த ஊரிலும் பார்த்துவிடலாம். உண்மை அளவில் நிற்கும் ஒன்றின் பக்கத்தில் நின்று நிமிர்ந்து பார்க்கும் வாய்ப்பு மதுரையில் கிடையாது. 40 பேர் போனால் மொத்த நேரத்தில் பாதியை இந்தத் தோட்டத்துக்கே ஒதுக்குங்கள்.

ரோகிணி வரிசையில் பெயரோடு ஒட்டியிருக்கும் எண்தான் விட்டம், மில்லிமீட்டர் கணக்கில். இந்த ஒரு தகவலை வைத்து ஒரு முழுப் பாடமே நடத்தலாம். கிளம்பும் முன் சார்ட் தாளைப் பட்டையாக வெட்டி ஒட்டி வளையம் செய்யச் சொல்லுங்கள். 75க்குச் சுற்றளவு 23.5 செ.மீ., 200க்கு 63 செ.மீ., 560க்கு 176 செ.மீ. ஒட்டுவதற்கு 2 செ.மீ. கூடுதலாக விடவேண்டும், விடாவிட்டால் வளையம் சிறுத்துக் கணக்கு தப்பும். முதல் வளையத்துக்குள் பிள்ளையின் கை போகும், இரண்டாவதைத் தலைவழியே மாலையாகப் போட்டுக்கொள்ளலாம், மூன்றாவதுக்குள் இரண்டு பேர் நிற்கலாம். 1967 நவம்பர் 20 அன்று ஏவிய, இந்தியாவிலேயே செய்த முதல் ராக்கெட்டான ரோகிணி-75 கை நுழையும் அளவுதான் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய ஆச்சரியம். பி.எஸ்.எல்.வி.யின் விட்டம் 2.8 மீட்டர், சுற்றளவு ஏறக்குறைய 8.8 மீட்டர். ஏழு பிள்ளைகள் கைகோத்தால் அந்த வட்டம் வந்துவிடும். இதை மைதானத்தில் செய்து பார்த்துவிட்டு வந்தால், உள்ளே இருக்கும் சின்ன மாதிரியைப் பார்க்கும்போது மனதில் சரியான அளவு ஓடும்.

தோட்டத்தில் நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: வால்பக்கத்து இறக்கைகள் எதற்கு? தீபாவளி ராக்கெட்டில் குச்சி செய்யும் வேலையைத்தான் இவை செய்கின்றன, தலை திரும்பாமல் நேராகப் போகவைக்கின்றன. சிவகாசிக்கு இவ்வளவு பக்கத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. எரிபொருளும் அதே வகைதான், திரவம் இல்லை, உருளைக்குள் இறுகிய திட எரிபொருள். பற்றவைத்தபின் அணைக்க முடியாது. கூடுதலாக ஒன்றைச் சொல்லலாம். இறக்கைகளைக் கொஞ்சம் சாய்த்துப் பொருத்துவதால் ராக்கெட் சுழன்றுகொண்டே ஏறும், அதனால் தடுமாறாது.

தும்பாவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு "கடற்கரை" என்று மட்டும் பதில் சொல்லி நகர்ந்துவிடுகிற ஆசிரியர்கள் பலர். காரணம் பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு. அது தும்பாவை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் பகல் வேளையில் பலமான மின்னோட்டம் ஓடுகிறது. ஆய்வு பலூன் 40 கிலோமீட்டருக்கு மேல் ஏறாது. செயற்கைக்கோள் அந்த உயரத்தில் காற்றில் உரசி விழுந்துவிடும். நடுவில் இருக்கிற அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கச் சவுண்டிங் ராக்கெட் ஒன்றுதான் வழி. போகிற பாதையில் திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதற்கும் இதே கோடுதான் காரணம்.

இதை வகுப்பில் காட்ட ஒரு தையல் ஊசி போதும். ஊசியின் நடுவில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு துளி மெழுகு வைத்துக் கிடையாக நிற்கும்படி சமன் செய்யுங்கள். பிறகு நூல் நகராமல், காந்தத்தால் ஒரே திசையில் முப்பது முறை தேயுங்கள். ஊசி வடக்கு தெற்காகத் திரும்பும், மதுரையில் ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். இதே ஊசி டெல்லியில் 40 பாகைக்கு மேல் தலை குனியும். காந்தமாக்கிய பிறகு சமன் செய்தால் சோதனையே வீண், ஏனென்றால் சாய்வையும் சேர்த்து நாமே திருத்திவிடுவோம். பக்கத்தில் இரும்பு பெஞ்ச் இருந்தாலும் தப்பான விடைதான் வரும்.

உயரத்துக்கு ஒரு கயிறு. 1 கிலோமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்று 4 மீட்டர் கயிற்றில் முடிச்சுப் போடுங்கள்: விமானம் 10, பலூன் 40, ரோகிணி-200 சுமார் 80, மின்னோட்டம் 105, சர்வதேச விண்வெளி நிலையம் 400. மதுரையிலிருந்து தும்பா போகும் சாலைத் தூரத்தைவிட விண்வெளி நிலையத்தின் உயரம் 100 கிலோமீட்டர் அளவுக்குத்தான் அதிகம். இதை பஸ்ஸிலோ ரயிலிலோ வைத்துச் சொன்னால் நன்றாக உறைக்கும்.

அங்கே சுற்றும் வரிசை பற்றி. வெயில் ஏறுவதற்குள் எல்லாக் குழுவும் தோட்டத்தைப் பார்த்து முடிப்பதே சரி. பத்துப் பத்துப் பேராக நான்கு குழு, ஒவ்வொன்றுக்கும் பெரியவர் ஒருவர். இரண்டு குழு தோட்டத்தில் இருக்கும்போது இரண்டு குழு உள்ளே. 40 பேரையும் ஒன்றாக உள்ளே விட்டால் முன்வரிசை எட்டுப் பேர் பார்ப்பார்கள், மீதிப்பேர் முன்னால் நிற்பவன் முதுகைப் பார்ப்பார்கள். பணித்தாளில் ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். இருபது கேள்வி கொடுத்தால் பிள்ளைகள் ராக்கெட்டை விட்டுவிட்டுப் பலகையைக் காப்பியடிப்பதிலேயே குறியாக இருப்பார்கள். "எதில் இறக்கை இல்லை?", "எந்த ராக்கெட்டை உன்னால் கட்டிப்பிடிக்க முடியும்?" என்பது போலக் கண்ணால் பார்த்து எழுதும் கேள்விகளாக இருக்கட்டும்.

விளக்கம் சொல்பவர்கள் வழக்கமாகத் தப்பாகச் சொல்லும் மூன்று விஷயங்களை முன்கூட்டியே திருத்திக்கொள்வது நல்லது. ஒன்று, மாட்டு வண்டிப் படம். அது தும்பாவும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. 1981இல் ஏவிய ஆப்பிள் செயற்கைக்கோளைப் பெங்களூரில் ஆன்டெனா சோதனைக்காக வண்டியில் ஏற்றியது. உலோக வாகனம் அலைகளைக் குழப்பும் என்பதால் வேண்டுமென்றே மரவண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள், பணமில்லாமல் இல்லை. தும்பாவுக்கு உரியது, ராக்கெட்டின் கூம்பு முனையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிப்போகும் படம். இரண்டு, 1963இல் பறந்தது நம் ராக்கெட் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த நைக்கி-அப்பாச்சி. அது வானத்தில் சோடியம் ஆவியை விட்டது, அந்தி நேரத்தில் ஆரஞ்சு நிற மேகமாக அது தெரிந்தது. அந்த மேகம் நகர்வதை வைத்து மேல்வானத்துக் காற்றை அளந்தார்கள். மூன்று, "சந்திரயான் இங்கிருந்துதான் போனது" என்பது. செயற்கைக்கோள் ஏவுகலங்கள் கிளம்புவது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. பூமி சுற்றும் வேகத்தின் பயனைப் பெறக் கிழக்கு நோக்கி ஏவ வேண்டும். தும்பாவிலிருந்து கிழக்கே ஏவினால் அது நம் தென்மாவட்டங்களின் தலைக்கு மேலேதான் போகும். இதைக் கேட்டதும் அடுத்த கேள்வி வரும்: அப்படியானால் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளம் எதற்கு? பூமியின் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குத் தெற்கு நோக்கி ஏவும்போது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருக்கிறது. அந்த வளைவில் எரிபொருள் வீணாகும், சின்ன ராக்கெட்டுக்கு அது தாங்காது. குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே நேராகக் கடல்தான். அங்கே 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள்.

இனிப் பயணம். சாலைவழி என்றால் திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாக நான்குவழிச் சாலை நாகர்கோவில் பக்கம் வரை சுகமாகப் போகும். அதற்குப் பிறகு மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று கடைசி 70 கிலோமீட்டர்தான் நேரத்தைத் தின்கிறது. வளைவும் நெரிசலும் சேர்ந்து வாந்தி தொடங்குவதும் அங்கேதான். போக மட்டுமே ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளியின் சொந்த பஸ்ஸை அப்படியே எடுத்துக்கொண்டு எல்லை தாண்ட முடியாது, தனியாக பெர்மிட் வாங்க வேண்டும். வாடகை பஸ் என்றாலும் கேரளா பெர்மிட், வரி, இன்சூரன்ஸ் மூன்றின் நகலையும் முன்பணம் கொடுக்கும் முன்பே கையில் வாங்கிவிடுங்கள். "பார்டர்ல பாத்துக்கலாம் சார்" என்று டிரைவர் சொன்னால் வேறு வண்டி பாருங்கள்.

எங்கள் பரிந்துரை ரயில். மதுரையில் இரவு கிளம்பும் புனலூர் எக்ஸ்பிரஸ் நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போகிறது. பிள்ளைகள் தூங்கியபடி போய்விடலாம், காலையில் களைப்பும் இருக்காது. 5 முதல் 12 வயதுக்குள் இருப்பவர்களுக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம், படுக்கை வேண்டாமென்றால் பாதி. இரவுப் பயணத்தில் பாதிக் கட்டணத்துக்கு ஆசைப்பட்டு இரண்டு பேரை ஒரு படுக்கையில் போடாதீர்கள், மறுநாள் தோட்டத்தில் நின்றபடியே தூங்குவார்கள். நடு, மேல் படுக்கைகளில் சின்னப் பிள்ளைகள் வேண்டாம்.

பலர் கோட்டைவிடும் இடம் ரயிலிலிருந்து இறங்கிய பிறகு வரும் இரண்டு மணி நேரம். 40 பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம், இரண்டே கழிவறை என்றால் 100 நிமிடம் அதிலேயே போய்விடும். ஐந்து கழிவறை இருந்தால் 40 நிமிடம். நிலையத்துக்கு அருகில் அரைநாள் அறை பிடிக்கும்போது அறை எண்ணிக்கையைக் கேட்பதைவிடக் கழிவறை எண்ணிக்கையைக் கேளுங்கள். அங்கிருந்து தும்பாவுக்கு உள்ளூர் வண்டியில் முக்கால் மணி நேரம் ஒதுக்கலாம்.

சாப்பாட்டில் முதல் வேளைக்கு இட்லியில் பொடி தடவி எடுத்துப்போவது நல்லது, புளியோதரையும் தாங்கும். தயிர்சாதம் ஆறு மணி நேரத்தில் புளித்து வயிற்றைக் கலக்கும். கேரளத்தில் மதியச் சாப்பாடு சொல்லும்போது வெள்ளை அரிசிச் சோறு என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சிவப்புக் குத்தரிசியைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிடுகிற பிள்ளைகள்தான் நம்மிடம் அதிகம்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் கூடாது. இது மத்திய அரசின் பாதுகாப்பு மிகுந்த வளாகத்தை ஒட்டிய இடம். பள்ளியின் முகப்புத்தாளில் கடிதம் எழுதி, எத்தனை பேர், எந்த வகுப்பு, எந்தத் தேதி, எந்த நேரம் என்று குறிப்பிட்டு முன்னதாகவே எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் வாங்குங்கள். பார்வை நேரம், விடுமுறை, செல்போன், கேமரா பற்றியும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். பெரியவர்கள் எல்லாருக்கும் படத்துடன் கூடிய அடையாள அட்டை, மாணவர் பட்டியல் பள்ளி முத்திரையுடன் மூன்று நகல். தேதி பார்க்கும்போது நம் பொங்கலை வைத்துக் கணக்குப் போடாமல் ஓணத்தையும் கேரளத்து விடுமுறைகளையும் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே மழைக்காலம், திறந்தவெளித் தோட்டம் பயன்படாது. டிசம்பர் கடைசி வாரம் போனால் கூட்டம். ஜனவரி, பிப்ரவரிதான் நமக்கு வசதி.

மாதத்தின் மூன்றாம் புதன்கிழமை முற்பகலில் ரோகிணி-200 ஏவுவதும், அதைப் பார்க்கப் பொதுமக்களை அனுமதிப்பதும் தும்பாவின் நெடுநாள் வழக்கம். நீங்கள் போகும் மாதத்தில் ஏவுதல் உண்டா, பள்ளிக் குழுவை அனுமதிப்பார்களா என்று கடிதத்தில் சேர்த்துக் கேளுங்கள். கிடைத்தால் பயணத்தின் மதிப்பு இரட்டிப்பாகும். ஆனால் பிள்ளைகளிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். காற்று சரியில்லை என்றால் தள்ளிப்போடுவார்கள். நடந்தாலும் சில நொடிகளில் புள்ளியாகி மறைந்துவிடும், படம் எடுக்கப் போனைத் தேடுகிறவர் எதையும் பார்க்க மாட்டார்.

பக்கத்துக் கடற்கரையைத் திட்டத்தில் சேர்க்கவே வேண்டாம். அலை வேகம் நம் இராமேஸ்வரக் கடல்போல இருக்காது. மாலையில் நேரம் மிச்சமிருந்தால் நகருக்குள் இருக்கும் பிரியதர்ஷினி கோளரங்கம் நல்ல தேர்வு. காட்சி எந்த மொழியில் என்று கேட்டுவிட்டுச் சீட்டு வாங்குங்கள், மலையாள வர்ணனையில் அரைமணி நேரம் இருட்டில் உட்கார்ந்தால் பாதிப்பேர் உறங்கிவிடுவார்கள்.

1 முதல் 3ஆம் வகுப்பு வரை உள்ளவர்களுக்குத் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையம் பொருத்தமானது. தொட்டு இயக்கும் கருவிகள், திறந்தவெளிப் பூங்கா எல்லாம் உண்டு. மதுரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர், காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு சேர்ந்துவிடலாம். வானத்தை மட்டும் காட்டினால் போதும் என்றால் திருச்சியில் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் இன்னும் பக்கம், 140 கிலோமீட்டருக்குள். 40 பேரில் பத்துப் பேருக்காவது பஸ்ஸில் தலைசுற்றும் வகுப்பு என்றால், 5ஆம் வகுப்பாக இருந்தாலும் திருச்சியையே தேர்ந்தெடுங்கள்.